தேனாம்பேட்டையில் யார் குடியிருப்பது?

தேனாம்பேட்டையின் உட்தெருக்களில் இரண்டு விதமான அறிவிப்புகளைப் பார்க்கலாம். ஒன்று, கேட்டில் கம்பி போட்டுக் கட்டிய அட்டை: ‘டு-லெட். ஃபேமிலி ஒன்லி.’ சில வீடுகளில் அதற்குக் கீழே ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று இன்னொரு வரியும் இருக்கும். மற்றொன்று, தெருமுனையில் மின்சாரப் பில்லர் பாக்ஸில் பசை தடவி ஒட்டிய காகிதம்: ‘ஆண்கள் ஹாஸ்டல். 2, 3, 4 ஷேரிங். சாப்பாடு உண்டு. வைஃபை உண்டு.’ முதல் அட்டை மாதக்கணக்கில் தொங்கி வெயிலில் வெளுத்துப்போகிறது. இரண்டாவது காகிதத்தின் அடியில் இருக்கும் போன் நம்பர் துண்டுகளை இரண்டே நாளில் கிழித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சென்னையின் நடுப்பகுதியைப் பற்றி இந்த இரண்டு அறிவிப்புகளும் சேர்ந்து ஒரு செய்தி சொல்கின்றன. இங்கே வீடு இருக்கிறது. வீடு தேடும் ஆளும் இருக்கிறார். இரண்டும் சேர மாட்டேன் என்கின்றன. பழைய குடும்பங்கள் பிள்ளைகளோடு பெங்களூருக்கோ, அமெரிக்காவுக்கோ, பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போய்விட்டன. அந்த இடத்தை நிரப்ப வந்திருப்பவர்கள் பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்கள். ஒரு டிராலி பெட்டி, ஒரு லேப்டாப் பை, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு எழும்பூரிலும் கிளாம்பாக்கத்திலும் இறங்கி வருகிறார்கள். இந்த நகரம் அவர்களிடம் வாடகை வாங்குகிறது. குடியிருப்பவர்கள் என்ற கணக்கில் மட்டும் அவர்களைச் சேர்ப்பதில்லை.

அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வரைபடத்தை விரித்தால் போதும். தேனாம்பேட்டை சிக்னலை மையமாக வைத்து மூன்று நான்கு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் எத்தனை கல்லூரிகள் விழுகின்றன! எஸ்.ஐ.இ.டி. என்றே இன்றும் எல்லோரும் சொல்லும் நீதிபதி பஷீர் அகமது சையது மகளிர் கல்லூரி 1955-ல் இங்கேயே தொடங்கியது. அண்ணா மேம்பாலத்தைத் தாண்டினால் 1974-ல் வந்த காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி. கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ். தெற்கே நந்தனம் அரசு கலைக் கல்லூரியும், 1920-ல் உருவான ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும். ராயப்பேட்டையில் நியூ காலேஜ், மயிலாப்பூரில் விவேகானந்தா, எழும்பூர்ப் பக்கம் எத்திராஜ், நுங்கம்பாக்கத்தில் லயோலாவும் மகளிர் கிறித்தவக் கல்லூரியும். இவற்றுக்கு நடுவே சி.ஏ. பயிற்சி, வங்கித் தேர்வுப் பயிற்சி, அனிமேஷன், கேட்டரிங் என்று மாடிக்கு மாடி வகுப்புகள். அண்ணா சாலை நெடுக அலுவலகங்கள். படிக்கும் இடமும் முதல் வேலையும் ஒரே பஸ் ரூட்டில் கிடைக்கிற பகுதி இது.

இந்த வட்டாரத்தின் ஹாஸ்டல் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எண்பதுகளில் கட்டிய தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட சாதாரண வீடு. மொசைக் தரை, பச்சை கிரில், மாடியில் சின்டெக்ஸ் தொட்டி. உள்ளே, ஒரு காலத்தில் ஹால் என்று இருந்ததை பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்கு இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பிளக் பாயின்ட்; அதிலிருந்து தொங்குகிற வயரில் போன் சார்ஜ் ஏறுகிறது. கட்டிலுக்கு அடியில் பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் ஜன்னல் கம்பியில்தான் துண்டு காய்கிறது. குளியலறைக்கு வெளியே வரிசையாக வாளிகள். கலந்துவிடக் கூடாதென்று நெயில் பாலிஷால் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு மோட்டார் போட்டால் ஒன்பது மணிக்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும். ஒரு கட்டிலுக்கு மாத வாடகை, சாப்பாடு சேர்த்து, ஆறாயிரம் ஏழாயிரத்தில் தொடங்குகிறது. ஏ.சி. என்றால், இருவர் அறை என்றால் மேலே மேலே போகும். தங்குபவர் கையில் ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் பெரும்பாலும் இருக்காது. ஆதார் ஜெராக்ஸும் அட்வான்ஸும் கொடுத்ததோடு சரி. காலி செய்யச் சொன்னால் மாதக் கடைசியில் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

சரி, இவர்கள் இருப்பதால் தெருவுக்கு என்ன கிடைக்கிறது? காலையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மாவுக்கு முதல் வியாபாரம். இஸ்திரி வண்டிக்குச் சட்டைகள். ஜெராக்ஸ் கடைக்கு ரெக்கார்டு நோட்டு. ராத்திரி பத்தரைக்கும் திறந்திருக்கிற ஒரு பரோட்டா கடை, ஒரு மெடிக்கல், ஒரு ஜூஸ் கடை. அந்த நேரத்தில் வேலை முடிந்து மெட்ரோவிலிருந்து இறங்கி நடந்து வரும் பெண்ணுக்கு, ஆள் நடமாட்டம் உள்ள தெரு. போலீஸ் பூத் வைத்தாலும் கிடைக்காத பாதுகாப்பு இது. அலுவலகங்கள் மட்டும் நிறைந்த தெருக்களில் ஏழு மணிக்கு மேல் செக்யூரிட்டியையும் நாயையும் தவிர யாரும் இருப்பதில்லை. அண்ணா சாலையிலேயே கடை வாசல்கள் இருண்டபின் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தவுடன் விடுதிகள் காலியாயின. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறைக்கு அறை பூட்டு தொங்கியது. மாணவர்களையும் வேலை தேடி வந்தவர்களையும் நம்பியிருந்த மெஸ்கள் அடுப்பை அணைத்தன. பல மறுபடி ஏற்றவே இல்லை. சொந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் அப்போதும் அங்கேயேதான் இருந்தார்கள். ஆனாலும் தெரு எழவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் யாருடைய காசில் இந்தச் சந்துகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது வெட்டவெளிச்சமானது. அதை நாம் ஏனோ அத்தோடு மறந்தும்விட்டோம்.

வெளியூரிலிருந்து படிக்க வருபவனுக்கு இடம் கொடுப்பது இந்த நகரத்துக்குப் புதிதில்லை. மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-லேயே ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிவிட்டது. மாநிலக் கல்லூரி மாணவர்களுக்குச் சேப்பாக்கத்தில் விக்டோரியா விடுதி. அவரவர் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்று சங்கங்கள் கட்டிய விடுதிகள் எத்தனையோ. அப்புறம்தான் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் வந்தன. தமிழ்நாட்டில் எழுத்தாளனாக, நடிகனாக, குமாஸ்தாவாக, மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக ஆக நினைத்த எத்தனையோ பேருக்குச் சென்னையில் முதல் விலாசம் ஒரு மேன்ஷன் அறை எண்தான்.

நடுநகரத்தின் நிலமும் காலத்துக்கேற்பத் தன்னைத் துண்டு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டின் இருபுறமும் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் இருந்தன. ஏக்கர் கணக்கில் மரங்கள், நடுவில் ஒரு பங்களா. அவை உடைந்து மனைகளாயின. 1923 வாக்கில் நீதிக்கட்சி ஆட்சியில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் சி.ஐ.டி. நகரையும் நந்தனத்தையும் மனை போட்டுக் கொடுத்தது. அந்த டிரஸ்டே 1961-ல் வீட்டுவசதி வாரியமாக மாறியது. எழுபது எண்பதுகளில் அந்த மனைகளின் மேல் எட்டு வீடு, பன்னிரண்டு வீடு என்று பிளாட்டுகள் எழுந்தன. ஒவ்வொரு முறை நிலம் துண்டானபோதும் அதே இடத்தில் முன்பைவிட அதிகம் பேர் குடியேறினார்கள். ஒரு துரை இருந்த இடத்தில் இருபது குடும்பங்கள் வந்தன. சென்னை வளர்ந்த கதையே அதுதான்.

அந்தக் கதை இப்போது வேறு பக்கம் திரும்புகிறது. என் கவலையும் இதுதான்.

2001-ல் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.43 லட்சம். 2011-ல் 46.46 லட்சம். பத்து வருடத்தில் 7 சதவீதம்தான் கூடியது. அதே பத்து வருடத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. ஊர் பெருத்தது, வளர்ந்ததெல்லாம் வெளியேதான். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அதன் பிறகான நிலவரத்துக்கு அதிகாரபூர்வ எண் இல்லை. 2027-ல் தலைக்கணக்கு எடுக்கும்போது தேனாம்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர் வட்டங்களின் எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மக்கள் தானாக வெளியே போனார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாம் அனுப்பியும் வைத்தோம். கூவம், அடையாற்றின் கரைகளில் இருந்தவர்களையும் நடுநகரத்துக் குடிசைகளில் இருந்தவர்களையும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பல கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தோம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். மாணவர்கள் விஷயத்திலும் இதேதான். 1891-ல் தொடங்கி, நூறு வருடத்துக்கும் மேலாக உயர் நீதிமன்றத்தின் அருகிலேயே இயங்கிவந்த அரசு சட்டக் கல்லூரியை 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் திருவள்ளூர்ப் பக்கம் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றினார்கள். 2008-ல் அந்த வளாகத்தில் நடந்த மோதலுக்குப் பின் எழுந்த யோசனை அது. காலையில் வகுப்பு, மதியம் கோர்ட், மாலையில் சீனியரின் சேம்பர் என்று நடந்தே தொழில் கற்றுக்கொண்ட ஒரு பரம்பரை அத்தோடு அறுந்தது. பாரிமுனையின் சட்டப் புத்தகக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் யார் பதில் சொல்வது?

இடிக்கிறார்கள், கட்டுகிறார்கள்

இன்று தேனாம்பேட்டையிலோ ஆழ்வார்ப்பேட்டையிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும் பச்சை வலை போர்த்திய ஒரு கட்டடமாவது இருக்கும். எண்பதுகளில் கட்டிய பிளாட்டுகளுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. கம்பி துருப்பிடித்து சன்ஷேடு உதிர்கிறது, லிஃப்ட் இல்லை, வயதானவர்களால் மூன்றாவது மாடி ஏற முடியவில்லை. இடித்துக் கட்டலாம் என்றால் ஒரே ஒரு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலும் போதும், வேலை நின்றுபோகும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 அந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். கட்டட விதிகளும் 2019-ல் தளர்ந்தன. முன்பு மனைப்பரப்பைப் போல் ஒன்றரை மடங்காக இருந்த தளப்பரப்புக் குறியீடு, உயரமில்லாக் கட்டடங்களுக்கு இரண்டு மடங்கானது, உயரமான கட்டடங்களுக்கு 3.25. அதற்கு மேலும் வேண்டுமென்றால் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் தளப்பரப்பு வாங்கிக்கொள்ளலாம்.

நடுநகரத்தில் அடர்த்தியாகக் கட்டலாம் என்று அனுமதித்தது சரியான முடிவு. மெட்ரோ ரயில் ஏ.ஜி-டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம் என்று வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் நந்தனத்தைத் தொடப்போகிறது. இத்தனை கோடி செலவழித்துப் பூமிக்கு அடியில் ரயில் விட்டுவிட்டு, அதன் மேலே ஆள் குடியிருக்க இடம் தராவிட்டால் அந்த ரயில் யாருக்கு?

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. நான்கு கிரவுண்டு நிலம், அதாவது 9,600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பழைய ஒன்றரை மடங்கில் 14,400 சதுர அடி கட்டி, 900 சதுர அடியில் பதினாறு வீடுகள். இப்போது இடித்துவிட்டு பிரீமியமும் சேர்த்து இரண்டரை மடங்கு கட்டினால் 24,000 சதுர அடி. பழைய பதினாறு பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் சதுர அடி கொடுத்ததுபோக பில்டர் கையில் 8,000 நிற்கும். தேனாம்பேட்டை நில விலைக்கு அவர் அதை 2,000 சதுர அடியில் நான்கு சொகுசு வீடுகளாக விற்பார்; ஒவ்வொன்றும் கோடிகளில் போகும். கட்டடத்தின் பரப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது. வீடுகள் பதினாறிலிருந்து இருபதாகத்தான் ஆகியிருக்கின்றன. அந்த நான்கு வீடுகளை வாங்குபவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவருக்கு இது மூன்றாவது வீடு. பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருந்த இரண்டு மூன்று நடுத்தரக் குடும்பங்களும், மொட்டை மாடி அறையில் இருந்த பையன்களும் இடிக்கும்போதே போய்விட்டார்கள். புதிய கட்டடத்தின் வாடகையைக் கேட்டு அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. கார் நிறுத்தும் இடம் கூடியது. கதவு திறந்து தெருவில் இறங்கும் கால்கள் கூடவில்லை. சில இடங்களில் குறைந்தே போயின.

அந்த 8,000 சதுர அடியை அறைகளாகக் கட்டினால்? சமையலறை, நடை, படிக்கட்டு எல்லாம் சேர்த்து ஒரு படுக்கைக்கு 100 சதுர அடி வைத்தாலும் எண்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் கார் இல்லாத எண்பது பேர். பில்டருக்கு இதில் ஏன் மனம் போகவில்லை என்றால், வீடு கட்டினால் விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். விடுதி கட்டினால் நடத்த வேண்டும், போட்ட பணம் வாடகையாகத்தான் பல வருடத்தில் திரும்பும். அரசு தலையிட வேண்டிய இடம் இதுதான். கூடுதல் தளப்பரப்பு என்பது ஊர்ச்சொத்து. தெரு, சாக்கடை, குடிநீர்க் குழாய், மெட்ரோ எல்லாம் ஊர்ப்பணத்தில் போட்டதால்தான் அந்த மேல்மாடிக்கு விலை வந்தது. அதை விற்கும்போது காசு மட்டும் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக, ‘இதில் ஒரு பங்கைக் கட்டுப்படியாகும் வாடகையில் மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் ஒதுக்கு’ என்று கேட்க வேண்டும். மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் மனைகளுக்காவது இதை விதியாக்க வேண்டும்.

அரசால் முடியும் என்பதற்குச் சாட்சி அண்ணா சாலையிலேயே நிற்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி உரிமைக்காகக் குரல் கொடுத்த எம்.சி.ராஜாவின் பெயரில் சைதாப்பேட்டையில் இருக்கும் ஆதிதிராவிடர் நலக் கல்லூரி மாணவர் விடுதி வளாகத்தில் ஏறத்தாழ ரூ.44.5 கோடியில் பத்து மாடிக் கட்டடம் எழுந்து, 2025-ல் திறக்கப்பட்டது. 480-க்கும் அதிகமான மாணவர்கள் தங்கலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு மாணவருக்கு ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேல். நிலம் அரசுடையது, அதனால்தான் இந்த விலை. நடுநகரத்தில் அரசு நிலமா இல்லை? பழைய அரசு ஊழியர் குடியிருப்புகள், வீட்டுவசதி வாரிய மனைகள், பஸ் டெப்போக்கள், வாரியத்தின் பழைய வணிக வளாகங்கள் என்று எவ்வளவோ இருக்கின்றன. நந்தனத்தில் மெட்ரோ நிறுவனம் 2022-ல் தன் தலைமையகமாகப் பன்னிரண்டு மாடி கட்டியது. அலுவலகம் வேண்டியதுதான். அடுத்து கட்டுவதில் நான்கு மாடியாவது அறைகளாக இருக்கட்டும் என்கிறேன். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று வந்து நல்ல பெயர் வாங்கியிருக்கின்றன. தேனாம்பேட்டையில் அதே தரத்தில் மாணவிகளுக்கும் கட்டலாம்.

தேவை கூடிக்கொண்டே போகிறது என்பதில் சந்தேகமில்லை. உயர்கல்விச் சேர்க்கையில் அகில இந்திய விகிதம் 28 சதவீதத்தைச் சுற்றி இருந்த 2021-22-ல் தமிழ்நாடு 47-ஐத் தொட்டிருந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். திருவாரூரிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்க வருகிற பெண்ணுக்குச் சீட்டு கிடைத்துவிடுகிறது. கட்டில் கிடைப்பதுதான் கஷ்டம். கல்லூரி விடுதியில் இடம் இல்லை என்றதும் அப்பா மறுபடி பஸ் ஏற்றிக் கூட்டிப்போன கதைகளை நந்தனத்திலும் சேப்பாக்கத்திலும் எந்தப் பேராசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

உலகத்தில் மற்ற ஊர்களும் இந்த வழியில் போயிருக்கின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில், சாயங்காலம் ஆனால் வெறிச்சோடிப்போகும் நகர மையத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தையே கொண்டுவந்தார்கள். 2006-ல் நகர வாக்காளர்கள் 22 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டு சம்மதித்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. 2008-ல் மாணவர் குடியிருப்பும் இலகு ரயிலும் திறந்தன. கடைகளும் உணவகங்களும் அதன் பின்னால் வந்தன. அவர்கள் பணம் செலவழித்து உண்டாக்கியதை நாம் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறோம். நூறு வருடமாகக் கல்லூரிகள் நடுநகரத்தில்தான் இருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது அந்தப் பிள்ளைகள் தங்க இடம் கொடுப்பது மட்டும்தான்.

கட்டில் போட்டால் விடுதி ஆகிவிடாது

எங்கேயும் கட்டட்டும், எப்படியும் கட்டட்டும் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 27-ஆம் தேதி டெல்லி ஓல்டு ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள். ஐ.ஏ.எஸ். ஆக வந்தவர்கள். அந்த அடித்தளத்துக்கு நூலகம் நடத்த அனுமதியே இல்லை. அதே வருடம் செப்டம்பர் 12 விடிகாலையில் மதுரை பெரியார் பேருந்து நிலையம் அருகே கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். 2018-ல் ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் உரிமையாளரே ரகசிய கேமராக்களை ஒளித்து வைத்திருந்தது பிடிபட்ட பிறகுதான், 2014-லேயே இயற்றிய மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை அதிகாரிகள் தூசி தட்டி எடுத்தார்கள். உரிமம் வாங்காத விடுதிகளுக்கு நோட்டீஸ் பறந்தது. அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் ஆண்கள் விடுதிகள் வரவே இல்லை. பிளைவுட் தடுப்புக்கு நடுவே ஒரே படிக்கட்டு உள்ள வீட்டில் முப்பது பையன்கள் தூங்குகிறார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவார்கள்?

மற்றொரு எச்சரிக்கை ராஜஸ்தானின் கோட்டா. பயிற்சி மையங்களை நம்பித் தெருத்தெருவாக விடுதிகளை எழுப்பிய ஊர். தற்கொலைகளைத் தடுக்க 2023-ல் எல்லா அறைகளின் மின்விசிறியிலும் ஸ்பிரிங் மாட்டச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் வருவது குறைந்ததும் அதே விடுதிகள் காலியாகக் கிடக்கின்றன. மாணவன் மட்டுமே வாழும் பேட்டை எவருக்கும் நல்லதில்லை. தேனாம்பேட்டையின் பலம் அதன் கலப்பு. ஆலையம்மன் கோயில் திருவிழாவுக்கு மூன்று தலைமுறையாகக் கூழ் ஊற்றும் குடும்பம் அங்கே இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், வாரியக் குடியிருப்பில் ஆட்டோ ஓட்டுநர் இருக்கிறார். அந்த வரிசையில் இந்த இளைஞர்களும் இருக்க வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் சொல்லும் குறைகளையும் தள்ளிவிட முடியாது. தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது, ராத்திரியில் சத்தம். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் விடுதிகள் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியதை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. இவையெல்லாம் அடர்த்தியாகக் கட்டும் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும். ஆளுக்கு இரண்டு கார் நிறுத்த அடித்தளம் தோண்டும் சொகுசுக் குடியிருப்புக்கு இன்னும் அதிகம் பொருந்தும். குழாயை அகலப்படுத்த வேண்டும், மழைநீர்த் தொட்டி உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாடிக்கு மாடி அவசர வழி இல்லாமல் உரிமம் தரக் கூடாது. ஆனால் ‘ஃபேமிலி ஒன்லி’, ‘வெஜிடேரியன் மட்டும்’ என்பவை தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. சாதியையும் மதத்தையும் வாய்விட்டுக் கேட்காமல் கேட்கும் வழி அது. மூன்றாவது புரோக்கர் கைவிரித்த பிறகு தன் பெயரைச் சொல்லவே தயங்குகிற இஸ்லாமிய மாணவரும், ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று சுற்றிவளைத்துக் கேட்கப்படும் தலித் மாணவரும் இந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் சமூகநீதி அரசியல் தொடங்கிய ஊரில் இது நடக்கக் கூடாது.

சட்டம் இப்போதுதான் மெல்ல இவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. விடுதி என்பது குடியிருப்பா, வியாபாரமா என்ற கேள்வி ஜி.எஸ்.டி. வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தூங்கி எழுந்து வாழும் இடம் குடியிருப்புதான் என்று 2024-ல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜி.எஸ்.டி. கவுன்சிலும், தொடர்ந்து 90 நாட்களாவது தங்குபவரிடம் மாதம் 20,000 ரூபாய் வரை வாங்கும் வாடகைக்கு வரி இல்லை என்றது. வரிக்காகப் போட்ட வழக்கில் ஒரு பெரிய உண்மை பதிவாகியிருக்கிறது: அந்தக் கட்டிலில் படுப்பவர் இந்த ஊரின் குடியிருப்பாளர். அப்படியானால் அவருக்கு ரசீது வேண்டும், ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் வெளியேற்றக் கூடாது, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும். வீட்டு வாடகைக்கென்று 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்கும் சென்னை வழக்கமே அந்தச் சட்டத்துக்கு அசையவில்லை எனும்போது கட்டிலுக்கு வாடகை கொடுப்பவரை யார் கண்டுகொள்வது?

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இப்போது மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. 2046 வரை இந்த ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று முடிவு செய்யப்போகும் ஆவணம் அது. வரைவு வெளிவந்து வார்டு வார்டாகக் கருத்துக் கேட்பார்கள். வழக்கம்போல வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டால் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்களும் பில்டர்களும்தான் வருவார்கள். தேனாம்பேட்டை மண்டலத்துக்கான கூட்டத்தை நந்தனம் கலைக் கல்லூரி வளாகத்தில், மாலை ஆறு மணிக்கு மேல், கல்லூரி திறந்திருக்கும் மாதத்தில் நடத்த வேண்டும். எஸ்.ஐ.இ.டி. மாணவிகளுக்கும் எம்.சி.ராஜா விடுதிப் பிள்ளைகளுக்கும் சந்துக்குள் இருக்கும் ஹாஸ்டல்களில் தங்கியிருப்பவர்களுக்கும் அழைப்பு போக வேண்டும். கூடுதல் தளப்பரப்பில் அவர்களுக்கு எத்தனை பங்கு என்பதை அவர்களை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பேச வேண்டும்.